நீலக்கல் எந்த ஊரிலிருந்து? கொழும்பில் ஒரு மோதிரத்துக்குக் கல் தேடியபோது

அக்காவின் மகளுக்கு ஆவணியில் கலியாணம். "நகை ஒன்றும் வேண்டாம் சித்தி, ஒரு நீலக்கல் மோதிரம் மட்டும் வாங்கித் தாங்கோ" என்று தை மாதமே சொல்லிவிட்டாள். பெறாமகள் வாய்விட்டுக் கேட்ட ஒரே பொருள். அதனால் மூன்று வாரமாக இருவரும் கல் பார்த்தோம். செட்டியார் தெரு, வெள்ளவத்தை, ஒருநாள் பஸ் ஏறிப் பேருவளை சீனன்கோட்டை. போன இடமெல்லாம் கல்லைக் காட்டும் முன்னரே ஊரைச் சொன்னார்கள். இது பர்மா. இது அசல் சிலோன், இரத்தினபுரி. இது மடகஸ்கார், அதனால்தான் விலை குறைவு. ஊரைச் சொன்னதுமே விலையும் மாறியது.

கையில் இருந்த காசுக்கு ஒரு கரட்டுக்கும் இரண்டு கரட்டுக்கும் இடைப்பட்ட கல் வாங்கலாம். ஒரு கரட் 0.2 கிராம்தான், ஒரு உழுத்தம்பருப்பு அளவுள்ள பொருளுக்கு இவ்வளவு காசைக் கொடுக்கும்போது, அந்த ஊர்ப் பெயருக்கு உண்மையில் என்ன மதிப்பு என்று தெரிந்துகொள்ள விரும்பினேன். வாசித்தும், கேட்டும், பல கற்களை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தும் நான் வந்து சேர்ந்த முடிவு இது: முதலில் கேட்க வேண்டிய கேள்வி, கல் சுட்டதா சுடாததா, அதாவது நிறம் ஏறவென்று சூடாக்கியதா இல்லையா என்பது. இரண்டாவது, எப்படிப் பட்டை தீட்டியிருக்கிறார்கள் என்பது. ஊர் மூன்றாவதாகத்தான் வரும்.

காஷ்மீரை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். 1881 வாக்கில் பாடர் பகுதியில், ஏறத்தாழ 4,500 மீற்றர் உயரத்தில், மண்சரிவு நடந்த இடத்தில் நீலக்கற்கள் வெளியே தெரிந்தன. 1887 அளவில் அந்த இடத்தின் நல்ல கற்களை அள்ளி முடித்துவிட்டார்கள். அதற்குப் பின் பலர் தோண்டியும் அந்தத் தரம் திரும்பக் கிடைக்கவில்லை. உள்ளே கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வெல்வெட் துணி மாதிரி ஒரு மென்மை அந்த நீலத்தில் இருக்கும் என்பார்கள். இன்று உண்மையான காஷ்மீர்க் கல்லுக்கு இடம் பெரிய ஏலங்கள். எங்களைப் போன்றவர்களின் காசுக்கு ஒருவர் அதைக் கொழும்பில் தருகிறார் என்றால் எழுந்து வந்துவிடுவது நல்லது. நாங்கள் ஒரு கடையிலிருந்து அப்படித்தான் எழுந்து வந்தோம்.

பர்மாவின் மொகோக் பள்ளத்தாக்கு சிவப்புக் கல்லுக்குப் பேர்போனது என்றாலும், அதன் நீலக்கல்லும் ஆழமான, அழுத்தமான நிறம் கொண்டது. ஆனால் அங்கிருந்து வரும் கல்லுக்குப் பின்னால் இருக்கும் அரசியலை என்னால் மறக்க முடியவில்லை. பர்மாவின் சிவப்புக் கல்லையும் ஜேட் கல்லையும் இறக்குமதி செய்வதை அமெரிக்கா 2008இல் சட்டம் போட்டுத் தடுத்தது. 2016இல் தடை நீங்கியது. 2021இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அங்குள்ள அரச இரத்தினக்கல் நிறுவனத்தின் மீது மறுபடி தடை வந்தது. கலியாண மோதிரத்தில் அந்தப் பாரம் வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. பெறாமகளும் அதையே சொன்னாள்.

தாய்லாந்து, கம்போடியாவின் பைலின், அவுஸ்திரேலியா, இவற்றின் நீலக்கற்கள் எரிமலைப் பாறையோடு மேலே வந்தவை. இரும்புச் சத்து அதிகம். விலை நன்றாகக் குறையும். கடையின் வெள்ளை விளக்கின் கீழ் கம்பீரமாகவும் இருக்கும். அப்புறம் கலியாண மண்டபத்தின் மஞ்சள் விளக்குக்குக் கீழே போனால், அவற்றில் பல கறுத்துப்போகும். ஒரு கடையில் எங்களுக்குப் பிடித்துப்போன அவுஸ்திரேலியக் கல்லை வாசலுக்கு வெளியே கொண்டுபோய் மாலை வெளிச்சத்தில் பார்த்தோம். நீலம் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. அதோடு அந்தத் தெரிவும் முடிந்தது.

மிஞ்சியவை இரண்டு: இலங்கை, மடகஸ்கார். உண்மையான போட்டி இங்கேதான்.

இந்த இரண்டு தீவுகளும் ஒருகாலத்தில் ஒரே நிலம். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்ட்வானா என்ற பெருநிலம் ஒன்றுசேர்ந்தபோது, இலங்கை, தென்னிந்தியா, மடகஸ்கார், கிழக்கு ஆபிரிக்கா எல்லாம் அடுத்தடுத்து இருந்தன. நிலங்கள் மோதி மலைகள் எழும்பிய அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும்தான் எங்கள் இரத்தினக்கற்களில் பெரும்பகுதி உருவானது. பிறகு நிலம் பிளந்து, கடல் நடுவே வந்தது. கொங்கு நாட்டின் கொடுமணலில் அகழாய்வு செய்தபோது, நீலக்கல்லும் பெரிலும் பளிங்கும் கொண்டு மணி செய்த பழைய பட்டறைகளின் தடயம் கிடைத்ததும் இதே நிலத்தின் கதைதான். தமிழர் கையில் நீலக்கல் ஏறி இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகிறது என்று நினைக்கும்போது எனக்கு உள்ளூர ஒரு சந்தோசம்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரே அடுப்பில் வெந்த கற்களைப் பிரித்துச் சொல்வது கடினம். மடகஸ்காரின் தெற்கில் இலகாகா என்ற இடத்தில் 1998இல் நீலக்கல் கண்டுபிடிக்கப்பட்டது. சில குடிசைகள் இருந்த இடம் சில ஆண்டுகளில் பெரிய கல் நகரமானது. அங்கே முதலில் போய் வாங்கக் குந்தியவர்களில் இலங்கை வியாபாரிகளும் உண்டு. அந்தக் கல்லில் நிறைய இங்கே வந்து, இங்கே சுடப்பட்டு, இங்கே பட்டை தீட்டப்பட்டு, எங்கள் சந்தையிலேயே விற்கப்படுகிறது. சீனன்கோட்டையில் என்னோடு கதைத்த ஒரு வயதான வியாபாரி, கல்லைப் பார்த்து ஊர் சொல்ல முடியுமா என்று கேட்டதற்கு, "பார்த்துச் சொல்லலாம் மகள், சத்தியம் பண்ணேலாது" என்றார். அந்த நேர்மைக்காகவே அவரிடம் மறுபடியும் போனோம்.

பெரிய ஆய்வுகூடங்கள் கல்லில் உள்ள இரும்பு, கலியம் போன்ற தனிமங்களின் அளவையும், உள்ளே அடைபட்டிருக்கும் நுண்பொருட்களையும் பார்த்து ஊரைக் கணிக்கின்றன. சுவிற்சர்லாந்தின் கூபெலின், எஸ்எஸ்இஎப், அமெரிக்காவின் ஜிஐஏ, இவையும்கூடத் தங்கள் அறிக்கையில் பிறந்த ஊரை நிபுணர் கருத்தாகவே தருகின்றன. அப்படியிருக்க, கடைக்காரர் தன் கைப்பட எழுதிக் கொடுக்கும் துண்டில் "சிலோன்" என்று இருந்தால் அதற்காக ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்க நான் தயாரில்லை.

இலங்கைக் கல்லின் பெயர் சும்மா வந்ததில்லை, அதையும் சொல்ல வேண்டும். நியூயோர்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கும் 563.35 கரட் நட்சத்திர நீலக்கல்லுக்கு இந்தியாவின் பெயர் வைத்திருந்தாலும் அது இங்கே கிடைத்தது. 1926இல் பெல்மதுளையில் எடுத்த 392.52 கரட் நீலக்கல் 2014இல் ஜெனீவா ஏலத்தில் 1 கோடி 73 இலட்சம் டொலருக்குப் போனது. டயானாவுக்கு 1981இல் போட்டு, இப்போது கேட் அணியும் 12 கரட் கல்லும் இலங்கைக் கல் என்றே சொல்லப்படுகிறது. எங்கள் நீலத்தின் குணம், வெளிச்சத்தை விழுங்காமல் திருப்பித் தருவது. இரும்பு குறைவு என்பதால் வரும் தெளிவு அது. மண்டபத்து விளக்கிலும் நீலமாகவே இருக்கும்.

என்னை இலங்கைப் பக்கம் சாய வைத்தது நிறத்தைவிட, கல் எடுக்கும் முறை. இரத்தினபுரிப் பக்கம் வயலில் தோண்டும் குழிகளை ஒருமுறை நேரில் பார்த்திருக்கிறேன். மரக்கட்டைகளை அடுக்கி, இடையில் பன்னம் இலைகளைச் செருகி மண் சரியாமல் தடுத்து, கீழே இறங்கி, இல்லம என்று சிங்களத்தில் சொல்லும் சரளைப் படையை எட்டுகிறார்கள். அதை மேலே ஏற்றி, கூடையில் போட்டுத் தண்ணீரில் சுழற்றிக் கழுவுகிறார்கள். பாரமான கல் அடியில் தங்கும். நிலக்காரர், அனுமதிப்பத்திரக்காரர், தண்ணீர்ப் பம்பு கொடுத்தவர், குழிக்குள் இறங்கியவர்கள் என்று விற்ற காசு பங்கு பிரிகிறது. குழியை மூடி நிலத்தைச் சீர்செய்வதற்கென்று அனுமதி கொடுக்கும்போதே வைப்புப் பணம் வாங்குகிறார்கள். குறை இல்லை என்று சொல்ல வரவில்லை. குழிக்குள் நின்று வேலை செய்பவரின் கூலியும் பாதுகாப்பும் இன்னும் எவ்வளவோ மேம்பட வேண்டும். ஆனாலும் காட்டை வெட்டிப் புதிது புதிதாகப் படையெடுக்கும் மடகஸ்கார்ச் சுரங்க அவசரத்தைவிட இது எனக்கு ஏற்புடையது. விலையும் நிறமும் சமமாக இருந்தால் இலங்கைக் கல். விலையில் பெரிய வித்தியாசம் என்றால், மடகஸ்கார் என்று உண்மையைச் சொல்லி விற்கும் கல்லை வாங்குவதில் எந்தக் குறையும் இல்லை.

சரி, சுட்ட கல் விசயத்துக்கு வருகிறேன்.

கெவுட என்று ஒரு கல் இருக்கிறது. பால் கலந்த தேநீர் மாதிரி மங்கலாக, நிறம் இல்லாமல் இருக்கும். நெடுங்காலம் இங்கே அதற்கு மதிப்பே இல்லை. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அதை மலிவாக வாங்கிப்போய், 1,500 பாகை செல்சியசுக்கும் மேலே சுட்டு, நல்ல நீலமாக மாற்றி விற்றார்கள். மங்கலாகத் தெரிந்ததற்குக் காரணம், கல்லுக்குள் இருக்கும் ரூட்டைல் என்ற டைட்டேனியக் கனிமத்தின் நுண்ணிய ஊசிகள். அவை அந்தச் சூட்டில் கரைகின்றன. அவற்றிலிருந்த டைட்டேனியம் கல்லுக்குள் பரவி இரும்போடு சேர்ந்து நீலம் பிறக்கிறது. பிறகு இந்த வேலையை எங்கள் ஆட்களும் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். இன்று உலகச் சந்தையில் உள்ள நீலக்கற்களில் பெரும்பாலானவை சுட்டவை. அந்த நிறம் நிரந்தரம். கழுவினாலும் வெயிலில் வைத்தாலும் போகாது. சொல்லி விற்றால் அதில் ஏமாற்று எதுவும் இல்லை.

ஏமாற்று வேறு இடத்தில். சூட்டோடு பெரிலியத்தைச் சேர்த்து நிறத்தை மாற்றுவது 2000களின் தொடக்கத்தில் வெளிச்சத்துக்கு வந்தது. மஞ்சள் புஷ்பராகம் வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். வெடிப்புள்ள மலிவான கல்லுக்குள் கோபால்ட் கலந்த நீலக் கண்ணாடியை ஊற்றுவது இன்னொன்று. இவை இரண்டையும் வெறும் "சுட்ட கல்" என்று சொல்லி விற்பதுதான் பெரிய பிழை.

இடையில் அம்மம்மாவின் கவலையும் வந்து சேர்ந்தது. நீலம் சனீஸ்வரனின் கல், சாதகம் பார்க்காமல் விரலில் ஏற்றக்கூடாது, மாணிக்கம் வாங்கு பிள்ளை என்றா. அவவின் பயத்தைத் தட்டிக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் இரண்டு நாள் சிவப்புக் கல்லும் பார்த்தோம். அங்கேயும் ஊர்ச் சண்டைதான். மொகோக் கல் சலவைக்கல் பாறையில் பிறப்பதால் இரும்பு மிகக் குறைவு. வெயிலில் தணல் மாதிரி உள்ளிருந்து ஒளிர்கிறது. 2009இல் மொசாம்பிக்கின் மொன்டெபுவேசில் பெரிய படிவு கிடைத்தபின் சந்தை மாறிவிட்டது. அங்கே கிடைத்த 55.22 கரட் கல் 2023இல் நியூயோர்க்கில் 3 கோடி 48 இலட்சம் டொலருக்கு ஏலம் போய், பர்மாவின் பழைய சாதனையை முறியடித்தது. இன்று நியாய விலையில் நல்ல சிவப்பு வேண்டுமென்றால் மொசாம்பிக்தான் என் தெரிவு. இலங்கைச் சிவப்பு பெரும்பாலும் இளஞ்சிவப்புப் பக்கம் சாயும்.

ஆனால் சிவப்புக் கல்லில் எனக்கு ஒரு பழைய காயம் உண்டு. பத்து வருடத்துக்கு முன் கொழும்பில் ஒரு கடையில் மாணிக்க மோதிரம் வாங்கினேன். பெரிய கல், ஆச்சரியமான விலை. மோதிரம் இறுக்கமாகிவிட்டதென்று பத்தரிடம் கொடுத்தேன். அவர் சுட்டு ஒட்டி, அமிலத்தில் போட்டு எடுத்தபோது கல் முழுக்க வெள்ளை வெள்ளையாக நரம்பு ஓடியிருந்தது. உள்ளே நிரப்பியிருந்த ஈயக் கண்ணாடியை அமிலம் தின்றுவிட்டது. பத்தரின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. தன் கையால் பழுதாகிவிட்டது என்று அவர் தவித்தார். பிழை அவருடையது இல்லை. அந்தக் கல் எந்த ஊர் என்று கடையில் விலாவாரியாகச் சொன்னார்கள். என்ன செய்யப்பட்டது என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

மரகதத்தை இரண்டு வரியில் முடிக்கிறேன். இலங்கையில் அது விளைவதில்லை. கொலம்பியாவும் சாம்பியாவும்தான் பெரிய மூலங்கள். வெடிப்பை மறைக்க எண்ணெய் ஊட்டுவது வழக்கம், நீலக்கல்லைவிட மென்மையானதும்கூட, ஆகவே தினமும் சட்டி பானை கழுவும் கைக்கு நான் சொல்ல மாட்டேன்.

ஆய்வுகூடத்தில் வளர்த்த நீலக்கல்லையும் யோசித்தோம். வெர்னோய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1902இலேயே செயற்கைச் சிவப்புக் கல் செய்யும் முறையை வெளியிட்டுவிட்டார். நீலம் சில ஆண்டுகளில் தொடர்ந்தது. அதே அலுமினியம் ஒக்சைட்டு, அதே கடினம். அழகுக்கு மட்டும் என்றால் தாராளமாக வாங்கலாம், குழியும் இல்லை, காடும் அழியாது. பெறாமகள் யோசித்துவிட்டு, "மண்ணிலிருந்து வந்ததாக இருக்கட்டும் சித்தி" என்றாள். அவளுடைய மோதிரம், அவளுடைய விருப்பம்.

கடைசியில் எங்கள் முன்னால் இரண்டு கற்கள் இருந்தன. இரண்டும் அந்தச் சீனன்கோட்டை வியாபாரியிடம் பார்த்தவை. ஒன்று 1.8 கரட், சுட்டது, ஆழ்ந்த நீலம். மற்றது 1.2 கரட், சுடாதது, விடிகாலை வானம் மாதிரி வெளிர் நீலம். விலை ஏறக்குறைய ஒன்று. இரண்டும் இலங்கைக் கல் என்றார். ஊருக்கென்று தனியாக ஒன்றும் சேர்க்கவில்லை.

நான் பெரியதன் பக்கம்தான் நின்றேன். தினமும் போடும் மோதிரத்துக்கு நிறமும் அளவும் முக்கியம், சுடாதது என்ற பெயருக்கு ஏன் அளவை இழக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் கல்லைக் கவிழ்த்துப் பக்கவாட்டில் பார்த்தபோது ஒரு குறை தெரிந்தது. இலங்கைக் கற்களில் நிறம் சீராகப் பரவாமல் ஒரு பக்கம் தேங்கி நிற்பது வழக்கம். பட்டை தீட்டுபவர் அந்த நிறத்தை அடிமுனையில் வைத்துவிட்டால் மேலிருந்து பார்க்க முழுக்கல்லும் நீலமாகத் தெரியும். பக்கத்திலிருந்து பார்த்தால் உடம்பு வெளுத்திருக்கும். இந்தக் கல்லும் அப்படித்தான். எடை குறையக்கூடாதென்று அடிப்பகுதியையும் பருமனாக விட்டிருந்தார்கள். 1.8 கரட்டில் கொஞ்சம் மோதிரத்துக்குக் கீழே ஒளிந்து போகும் எடை. கல் வாங்கும் எவரும் கவிழ்த்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

சின்னக் கல்லின் வெட்டு ஒழுங்காக இருந்தது. வியாபாரி லூப்பை, கல் பார்க்கும் உருப்பெருக்குக் கண்ணாடியை, எடுத்து அவளிடம் கொடுத்தார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தவள், உள்ளே பட்டுநூல் மாதிரி மெல்லிய கோடுகள் தெரிகின்றன என்றாள். கரையாமல் முழுதாக நின்ற ரூட்டைல் ஊசிகள். கடுஞ்சூடு பட்டிருந்தால் அவை அப்படி நின்றிருக்காது. எனக்குக் காட்டினாள், பிறகு திரும்ப வாங்கித் தானே பார்த்தாள். அந்த நிமிடமே எனக்கு விளங்கிவிட்டது. விலைக்கு வாங்கி விற்கும் எண்ணம் உள்ளவருக்கும் சுடாத கல்தான் கைகொடுக்கும் என்றாலும், அவள் அதை நினைத்துப் பார்க்கவில்லை.

கொழும்பில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் பரிசோதனைக்கூடத்துக்குக் கல்லை எடுத்துப் போனோம். சோதித்துத் திருப்தி என்றால்தான் முழுக்காசு என்று வியாபாரியிடம் முதலிலேயே பேசிக்கொண்டோம், அவரும் முகம் கோணாமல் ஒத்துக்கொண்டார். இப்படி ஒத்துக்கொள்ளாதவரிடம் வாங்க வேண்டாம். இயற்கையான நீலக்கல், சூடு பட்டதற்கான அடையாளம் இல்லை என்று வந்தது.

சாதகம் பார்த்தாயிற்று, நீலம் ஒத்துக்கொள்கிறதா என்று அறியத் தலையணையின் கீழ் மூன்று இரவும் வைத்தாயிற்று. அம்மம்மாவுக்கு ஒரு நிபந்தனை மட்டும்: கல்லின் அடிப்பக்கம் திறந்திருந்து விரலில் பட வேண்டும். அதே பழைய பத்தரிடம் கொடுத்தபோது அவரும், கல்லுக்கு வெளிச்சம் போக அடிப்பக்கத்தைத் திறந்தே விடுவேன் என்றார். வேலை தொடங்குமுன் அறிக்கையை வாங்கி இரண்டு தரம் வாசித்தார். பிறகு கல்லைப் பஞ்சில் சுற்றி உள்ளே வைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்.